துண்டு போட்டுப் படிப்பவர்

பஸ் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே துண்டைப் பாடத்தின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் ஓர் இனம் நம் பக்கத்தில் இப்போது பெருகியிருக்கிறது. எம்.ரெட்டியபட்டி விஜயபாண்டி அதில் உயர்ந்த ரகம்.

அரசுத் தேர்வுக்காக அவன் சேர்ந்திருக்கும் அருப்புக்கோட்டைப் பயிற்சி மையத்தில், வாரம் முழுக்கப் போனில் வீடியோப் பாடம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வகுப்பு. இலவசம்தான், ஆனால் இடம் கொஞ்சம். வீடியோ பார்க்காமல் வருகிறவனின் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். போனால், வீட்டின் முதல் பட்டதாரிக்கு மறுபடி மில் வேலைதான்.

ஆகவே விழுந்து விழுந்து படிப்பான் என்கிறீர்களா? வீடியோவை ஓடவிட்டு, போனைச் சார்ஜில் செருகி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கபடி பார்க்கப் போவான். நடுநடுவே போன், "இருக்கிறீர்களா?" என்று கேட்கும். அதற்கும் வீட்டில் ஆள் உண்டு.

"எய்யா, ஒன் போனு இருக்கியா இருக்கியான்னு உசுர வாங்குச்சு. இருக்கான்னு அமுக்கிட்டேன்" என்பாள் அம்மா பெத்தம்மாள்.

நேரில் சந்தேகம் கேட்க மாட்டான். அதான் வீடியோ இருக்கிறதே! வீடியோ பார்க்க மாட்டான். அதான் நேரில் சார் இருக்கிறாரே!

நவநீதகிருஷ்ணன் சார் லேசுப்பட்டவரா? போன வாரம் லாரி வேகக் கணக்கு ஒன்றைப் போட்டு, "இதில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன், கண்டுபிடித்து வாருங்கள்" என்று வீடியோ நடுவில் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டார்: "போன் பதிவுப்படி ஒரு நொடி விடாமப் பாத்தது விஜயபாண்டிதான். சொல்லுங்க தம்பி, லாரிக் கணக்கு எப்படி?"

விஜயபாண்டி எழுந்தான். "அருமை சார். ஒரு தப்புகூட இல்ல."

வகுப்பே வெடித்தது.

"ஏலே, தப்பைத் தேடித் தேடி எங்களுக்குக் கண்ணு பூத்துப்போச்சு" என்றான் பக்கத்திலிருந்த சுந்தரபாண்டி. "ஒனக்கு மட்டும் தனி லாரியா விட்டாக?"

சார் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு தப்போட வாங்க. இல்லாட்டி ஒங்க எடத்துக்கு வெளிய காத்திருக்கிற பேச்சிப் பொண்ணு உள்ள வந்துரும்."

திரும்பும் பஸ்ஸில் விஜயபாண்டி முதன்முறையாக வீடியோவைக் கண்ணால் பார்த்தான். லாரி கிளம்புவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. பழக்கமில்லாத கை தானாக உயர்ந்தது. வீடியோவில் சார் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். கண்டக்டர்தான் வந்தார்.

"எங்கப்பா எறங்கணும்?"

பதில் சொல்லிவிட்டு, சந்தேகத்தை டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை கேட்பதற்கு.

சிரிக்கிறீர்களா? நல்லது. 'பிறகு பார்க்க' என்று உங்கள் போனில் நீங்கள் சேமித்த யோகாவும் இங்கிலீஷும் பிரியாணியும் எந்த வருடத்திலிருந்து காத்திருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. சேமித்த பிரியாணியால் இதுவரை யாருக்கும் பசி ஆறியதாகத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.