லில்லிக்கு காத்து வச்ச சிலுவைராஜ்

ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் காலைல சிலுவைராஜ் ஒரு சபதம் போட்டான். மூணாறு பூக்கண்காட்சில லில்லிக்கு முதல் பரிசு வாங்குற வரைக்கும் ஒரு சொட்டு சாயா குடிக்க மாட்டானாம். மூணாறுக்குப் பக்கத்துல பள்ளிவாசல்ங்கிற ஊர்ல டீ ஃபாக்டரில இருபது வருஷமா வேல பாக்குறவன். தும்முனாக்கூட தேயிலத்தூள் பறக்கும். அப்படிப்பட்ட ஆளு சாயாவ விடுறான்னா சும்மாவா.

"சரி, பால் காச்சித் தரேன்"ன்னா பொண்டாட்டி மதலேனம்மா.

சபதம் ஃபாக்டரில பத்தரை மணி சாயா சங்கு ஊதுற வரைக்கும் நின்னுச்சு. சங்கு ஊதுனதும் கை தானா கிளாஸத் தேடிப் போயிருச்சு. கை பண்ணுன தப்புக்கு மனசு என்ன செய்யும்.

ஆனா லில்லி விஷயத்துல ஆளு அசையவே இல்ல. காரணம் இருக்கு. போன வருஷம் அவனோட வெள்ள லில்லி ரெண்டே ரெண்டு பூ பூத்துச்சு. ஆறுதல் பரிசு கூட கிடைக்கல. பக்கத்து வீட்டு மலையாளி, ஜீப் டிரைவர் ஷைஜு, நாலு பூவோட போயி கப்பத் தூக்கிட்டு வந்துட்டான். அத ஜீப்போட முன்கண்ணாடிகிட்ட நிக்க வச்சு ஒரு வருஷமா ஓட்டுறான். அந்த ஜீப்புல ஏறுறப்பல்லாம் சிலுவைராஜ் கண்ண மூடிக்குவான். கேட்டா தூக்கம்பான்.

தோத்து வந்த கொஞ்ச நாள்ல லில்லித் தண்டு காய்ஞ்சு போச்சு. "செத்துப்போச்சு. அதுக்கும் மானம் ரோஷம் இருக்கும்ல"ன்னு சொல்லிக்கிட்டே சட்டியக் கவுத்து, கிழங்கோட சேத்து சாம்பல் குழியில தள்ளிட்டான்.

இந்த வருஷம் அதே வெள்ள லில்லி, புதுக் கிழங்கு, ஆன்லைன்ல வரவழைச்சான். புதுசா ஒரு நீலச் சட்டி. லயத்து வரிசை வீடுகள்ல அவன் வீட்டு முன்னாடி வெயில் விழுற பாத்தி மொத்தமே மூணுதான். மூணையும் லில்லிக்கு எழுதி வச்சுட்டான். நடுவுல சட்டி. சுத்தி மூங்கில் வேலி. வேலியில ஒரு போர்டு, 'தொடாதே'.

மதலேனம்மாவுக்கு கொழுந்து கிள்ளுற வேல. வேலி கட்டுன அன்னைக்கு சாயங்காலம் மலையில இருந்து இறங்கி வந்தவ, வேலியப் பாத்தா, போர்டப் பாத்தா, புருஷனப் பாத்தா.

"ஏங்க, ஒரு சட்டிக்கு எதுக்கு மூணு பாத்தி?"

"லில்லிக்கு மூச்சு விட இடம் வேணும்ட்டி."

"புள்ளைங்களோட நாம நாலு பேரு ஒரு ரூம்புலதான மூச்சு விடுதோம். ஒரு பாத்திய எனக்கு விடுங்க. பீன்ஸ் போடணும்."

"பீன்ஸா? பீன்ஸத் தூக்கிக்கிட்டு எந்தக் கண்காட்சிக்குப் போறது?"

"குழம்புக்குப் போலாம்."

"குழம்புக்கு எவனும் கப் குடுக்க மாட்டான்."

"லில்லிய எவளும் தாளிக்க மாட்டா."

பக்கத்துல ஜீப்பக் கழுவிக்கிட்டிருந்த ஷைஜு சிரிச்சுட்டான். சிரிச்சிருக்கக் கூடாது. சிலுவைராஜுக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்துருச்சு. வாசப்படி மேல ஏறி நின்னான்.

"ஷைஜு, நீயும் கேட்டுக்கோ. லில்லிக்குப் பரிசு வாங்குனவங்களுக்கு இந்த மூணு பாத்தியும் சொந்தம். ஆயுசுக்கும். வாங்கலைன்னா அம்புட்டும் பீன்ஸுக்கு. போதுமா?"

"அப்போ ஞான் வாங்குனா பாத்தி எனக்கோ அண்ணா?"

"உனக்கு எதுக்குடா? இந்த வீட்டுல பரிசு வாங்குனவங்களுக்கு."

மதலேனம்மா முதுகுக் கூடைய இறக்கி கீழ வச்சா. "இன்னொருக்கா சொல்லுங்க."

"இந்த வீட்டுல பரிசு வாங்குனவங்களுக்குப் பாத்தி."

"ஷைஜு, கேட்டுச்சா?"

"கேட்டு சேச்சி, நல்லாக் கேட்டு."

அன்னைக்கு இருந்து சிலுவைராஜ் லில்லிக்கு அடிமை. மழ தூறுனா சட்டிக்குக் குடை, அவன் நனைவான். காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி மொட்டு எண்ணுவான். நாலு. திரும்ப எண்ணுவான். அப்பவும் நாலுதான். ஷைஜு வீட்டு லில்லியில அஞ்சு. அத வேலிக்கு மேல எக்கி எண்ணுறப்ப மட்டும் மூணுன்னு சொல்லிக்குவான்.

கண்காட்சி சனிக்கிழம. புதன்கிழம வரைக்கும் நாலு மொட்டும் பச்ச மொளகா மாதிரி கெட்டியா நிக்குது. அந்த வாரம் பூரா மேகம். வெயில் தலையே காட்டல. லில்லி விரியணும்னா கொஞ்சம் சூடு வேணும். சூட்டுக்கு எங்க போக?

அப்பதான் ஃபாக்டரில அவனுக்கு புத்தி வேல செஞ்சுது. அவன் வேலையே சூடுதான. கிள்ளுன இலைய நீளமான வலைத் தொட்டியில பரப்புவாங்க. கீழ இருந்து ஃபேன் வச்சு வெதுவெதுன்னு காத்து விடுவாங்க. விறைச்சுக்கிட்டு வந்த இலை சாயங்காலத்துக்குள்ள துணி மாதிரி ஆயிரும். எவ்வளவு காத்து, எவ்வளவு நேரம், எல்லாம் அவனுக்கு விரல் நுனியில. மேஸ்திரியே அவனக் கேட்டுத்தான் ஃபேன நிறுத்துவாரு.

"ஆயிரம் கிலோ இலைய அடக்குறேன், நாலு மொட்ட அடக்க முடியாதா"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான்.

வியாழக்கிழம லீவு போட்டான். மதலேனம்மா மலைக்குப் போனதும் வேலைய ஆரம்பிச்சான். ரெண்டு நாற்காலிக்கு நடுவுல கம்பி வலை. வலை மேல நீலச் சட்டி. கீழ இரும்புச் சட்டியில கங்கு. கங்குக்குப் பின்னாடி டேபிள் ஃபேன். அச்சு அசலா சின்ன ஃபாக்டரி. சங்கு மட்டும்தான் இல்ல.

காத்து ஜம்முன்னு வந்துச்சு. அரை மணிக்கு ஒருக்கா கை வச்சுப் பாத்தான். ஃபாக்டரியில பாக்குற மாதிரியே இலையப் புடிச்சு லேசா அமுக்கினான். இலை விறைப்பு போயி மெதுவாச்சு. சந்தோஷமாயிட்டான். இன்னும் மெதுவாச்சு. இன்னும் சந்தோஷம். இருபது வருஷப் பழக்கம், இலை மெதுவானா மனசு குளுந்துரும். மூணு மணிக்கு முழு லில்லியும் நனைஞ்ச குடை மாதிரி மடங்கித் தொங்குனப்பதான் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.

இருபது வருஷமா அவன் பாக்குற வேலைக்குப் பேரே இலை வாட்டுறது.

சாயங்காலம் மதலேனம்மா வந்தா. வலையப் பாத்தா. கங்கப் பாத்தா. தொங்குற இலைய ரெண்டு விரலால தொட்டுப் பாத்தா.

"நல்ல வாட்டம். நாளைக்கு உருட்டுற மிசின்ல போடலாம்."

சிலுவைராஜ் குனிஞ்சு ஃபேன நிறுத்துனான்.

"தேயில வாடணும். பூ விரியணும். ரெண்டும் ஒண்ணாங்க?"

அவன் கங்க அணைச்சுட்டு உள்ள போனான். சோறு போட்டா. தொடல. அவனுக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பு. மோந்து கூடப் பாக்கல. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். சனிக்கிழமக்கு அப்புறம் இன்னும் ஒரு வருஷம் கண்ண மூடிக்கிட்டே ஜீப்புல போகணும்.

மதலேனம்மா சோத்துத் தட்ட எடுத்து மூடி வச்சா. "படுங்க. காலைல பாப்போம்"ன்னா.

வெள்ளிக்கிழம காலைல வெளிய வந்தவன் அப்படியே நின்னுட்டான். பாத்தி நடுவுல நீலச் சட்டி. சட்டியில லில்லி, விறைப்பா, போலீஸ்காரன் மாதிரி. அஞ்சு பூ விரிஞ்சிருக்கு. ரெண்டு மொட்டு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. எண்ணுனான். ஏழு. திரும்ப எண்ணுனான். ஏழேதான்.

"ஏட்டி மதலேனு, இங்க வா. வேல செஞ்சிருச்சு."

"என்னது?"

"காத்து. நேத்து வாடுனது வாட்டம் இல்லட்டி, அது தூக்கம். தூங்கி எந்திரிச்சிருக்கு. நாலு மொட்டு ஏழாயிருச்சு பாரு. சூடு பட்டதும் மொட்டு பிரிஞ்சிருக்கு."

"அப்படியா"ன்னா மதலேனம்மா. சொல்லிட்டு சாயா கிளாஸ அவன் கையில குடுத்தா. சபதக்காரன் வாங்கிக் குடிச்சான்.

அன்னைக்கு லயத்துல அவன் சொல்லாத வீடு இல்ல. கங்கு எத்தன, ஃபேன் எத்தனாவது நம்பர், எல்லாம் விளக்கினான். ஷைஜுகிட்ட மட்டும் பாதி சொல்லி நிறுத்திட்டான். தொழில் ரகசியம்.

சனிக்கிழம அதே ஷைஜுவோட ஜீப்புலதான் மூணாறுக்குப் போனாங்க. ஷைஜுவோட லில்லி பின் சீட்டுல. சிலுவைராஜோட லில்லி அவன் மடியில. வளைவுக்கு வளைவு சட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். மதலேனம்மா "கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன், குடுங்க"ன்னா. குடுக்கல.

"பூ வளக்குறது லேசுட்டி. யாரு வேணும்னாலும் வளக்கலாம். அலுங்காமக் கொண்டு வர்றதுலதான் இருக்கு வித்தை."

"அதுவும் சரிதான்"ன்னா.

கண்காட்சி வாசல்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. முழுக்க மலையாளம். சிலுவைராஜ் தமிழ் மீடியம். மலையாளத்துல மூணாறு பஸ்ஸும் அடிமாலி பஸ்ஸும் தெரியும், அதுவும் டிரைவர் மூஞ்சிய வச்சு. மதலேனம்மா மறையூர்ல மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவ.

"நீயே எழுது. உள்ளத உள்ளபடி எழுதணும், என்ன. ஜட்ஜு கேள்வி கேட்டா மாட்டிக்கக் கூடாது."

"உள்ளத உள்ளபடிதான?"

"வேற எப்படி?"

அவ எழுதுனா. எழுதி முடிச்சு, "இந்தக் கோட்டு மேல ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னா. சிலுவைராஜ் பெரிய மனுஷன் மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டு, அடியில ரெண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளியும் வச்சான்.

மத்தியானம் மைக்ல பேரு வாசிச்சாங்க. ஜட்ஜு ஜிஸ்மி மேடம் மேடையில நிக்கிறாங்க, பக்கத்துல கப்பு. லில்லின்னு சொன்னதுமே சிலுவைராஜ் எந்திரிச்சுட்டான். சட்டைய இழுத்து விட்டான். முடியக் கோதினான். பேரு வர்றதுக்கு முன்னாடியே மேடையில ரெண்டு படி ஏறிட்டான்.

"ரெண்டாம் பரிசு, ஷைஜு."

திரும்பி ஷைஜுவப் பாத்து பெருந்தன்மையாத் தலையாட்டுனான். மூணாவது படி.

"முதல் பரிசு, ஏழு பூ விரிஞ்ச வெள்ள லில்லி, பள்ளிவாசல் மதலேனம்மாள்."

கைதட்டு. சிலுவைராஜ் மூணாவது படியிலேயே நிக்கிறான். பின்னால இருந்து மதலேனம்மா குரல் மெதுவாக் கேட்டுச்சு.

"கொஞ்சம் வழி விடுங்க."

கப்போட இறங்கி வந்தவள ஓரமாக் கூட்டிட்டுப் போனான்.

"ஏட்டி, என் லில்லிக்கு உன் பேரா?"

"உங்க லில்லி அடுப்படிக்குப் பின்னாடி இருக்கு. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். செத்துப்போச்சுன்னு அதையும் தூக்கிப் போட்டுராதீங்க."

"அப்ப இது?"

"போன வருஷம் நீங்க சாம்பல் குழியில தள்ளுனது. கிழங்கு தூங்குனாத் தண்டு காயத்தான் செய்யும். எடுத்து ஒரு கவர்ல மண்ணு போட்டு நட்டேன். அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணி. அடுப்புச் செவுரு எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும்ல, அதான் நேரத்துக்கு விரிஞ்சுச்சு. நேத்து விடியக்காலம் கவரோட தூக்கி உங்க சட்டிக்குள்ள இறக்குனேன்."

"ஒரு வருஷமா வீட்டுல இருந்துச்சா? எங்க?"

"பாத்திரம் கழுவுற இடத்துல. அந்தப் பக்கம் நீங்க வந்தாத்தான தெரியும்."

சிலுவைராஜ் விரல் மடக்கி எண்ணுனான். "நாலு மொட்டு ஏழானது?"

"ஏழு மொட்டுதான் ஏழாச்சு."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து பூரா நீங்கதான பேசுனீங்க. நடுவுல எனக்கு எங்க இடம் கிடைச்சுச்சு?" கப்பத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "அன்னைக்கு கருவாட்டுக் குழம்பு கூடத் தொடாம உக்காந்திருந்தீங்க. பாக்கச் சகிக்கல. அதான் என் செடியக் குடுத்தேன். இல்லைன்னா பேசாம இருந்திருந்தாலே பீன்ஸ் எனக்குத்தான்."

அது அவனுக்கு வீடு திரும்புற வழியிலதான் உறைச்சுது. தோத்தா பீன்ஸ். அவ ஜெயிச்சாலும் பீன்ஸ். அன்னைக்கு வாசப்படி மேல ஏறி நின்னு அவன் சொன்னதுல பீன்ஸுகிட்ட இருந்து தப்பிக்க வழியே இல்ல. சாட்சி வேற வண்டி ஓட்டிக்கிட்டிருக்கான்.

கொடிக்குக் குச்சி ஊனுனது சிலுவைராஜ்தான். கயிறு கட்டுனதும் அவன்தான். 'தொடாதே' போர்டு அப்படியே இருக்கு, இப்ப பீன்ஸுக்கு. முதக் காய்ப்புல செஞ்ச பொரியல ரெண்டு தடவ வாங்கித் தின்னான். ஜீப்புல இப்ப கண்ணத் தொறந்துக்கிட்டே போறான். எப்படியோ கப்பு அவன் வீட்டுலதான இருக்கு.

அதுக்குப் பக்கத்துலதான் மலையாளத்துல எழுதுன சர்டிபிகேட்டும் மாட்டியிருந்தா மதலேனம்மா. ஒருநாள் ஷைஜு வந்தப்ப, சிலுவைராஜ் மெதுவா அவனக் கூப்பிட்டான்.

"ஷைஜு, இதுல என் பேரு எங்கயாவது இருக்கா பாரு."

ஷைஜு வாசிச்சான். "வளர்த்தவர், மதலேனம்மாள்." அப்புறம் கீழ குனிஞ்சான். "இருக்கு அண்ணா. இதோ, சின்ன எழுத்துல."

"எங்க, விரல் வச்சுக் காட்டு."

ஷைஜு காட்டுனான். அன்னையில இருந்து சிலுவைராஜுக்கு மூணாறு, அடிமாலி தவிர இன்னொண்ணும் மலையாளத்துல வாசிக்கத் தெரியும்: 'கொண்டு வந்தவர்.'