இரண்டு முறை திருப்பிய சாவி

இனிமேல் சனிக்கிழமைகளில் பழைய தேவாலயம் எதையும் பார்க்கப் போவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சபதம் செய்தேன். மறுநாள் காலை காரை ஓட்டியவன் நான்தான்.

என் மனைவி மியூரியலுக்கு இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்துத் தேவாலயங்கள் என்றால் உயிர். எனக்குச் சனிக்கிழமை பீர் என்றால் உயிர். எதிர்த்துப் பயனில்லை. அதனால் யோசித்தேன்.

சின்னக் கிராமங்களில் தேவாலயத்துச் சாவி அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். சில ஊர்களில் அது பப்பில், பீர்க் குழாய்களுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அப்படிப்பட்ட ஊர்களாகவே பொறுக்கினேன்.

"இந்த வாரம் வெதரிங்ஃபோல்ட் போகலாமா, கண்ணு? தூணெல்லாம் பிரமாதமாம்."

"உனக்கு எப்போலேருந்து தூண் மேல ஆசை, நார்மன்?"

"வயசாகுதில்ல. சாய்ஞ்சுக்க ஏதாவது வேணுமே."

போய் இறங்கியதும் அவள் கதவுவரை நடந்துவிட்டுத் திரும்புவாள். "பூட்டியிருக்கு. போய்ச் சாவி வாங்கிட்டு வா. அவசரமே இல்ல."

அவசரமே இல்லையாம்! இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெகிழ்ந்தபடி பப்புக்குப் போவேன். பீர், ரொட்டி, பாலாடைக்கட்டி. "சாவிக்காரரைத் தேடியே கால் ஓய்ஞ்சுபோச்சு" என்று புளுகிக்கொண்டு திரும்புவேன். அவள் வாசல் முகப்பில் சாதுவாக உட்கார்ந்திருப்பாள். சாவியைத் திருப்புவேன், கதவு திறக்காது. எதிர்ப்பக்கம் திருப்புவேன், திறக்கும். எல்லா ஊரிலும் இதே கூத்து. பழங்காலப் பூட்டு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை, நான் பப்பில் இருக்கும்போது பேய்மழை பிடித்தது. மியூரியல் வெளியில் நனைவாளே என்று மனசு கேட்கவில்லை. பாதி பீரை விட்டுவிட்டுச் சாவியோடு ஓடினேன். பாதி பீர்!

முகப்பில் அவள் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே நீள இருக்கையில், காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்திருந்தாள். தலைமாட்டில் ப்ளாஸ்க்.

"மியூரியல்! கதவு எப்படித் திறந்துச்சு?"

"தள்ளினேன்."

"பூட்டியிருக்குன்னியே!"

"பப்காரங்க காலையிலேயே திறந்து வச்சிடுவாங்க. சாயங்காலம்தான் பூட்டுவாங்க. நாம போன ஊர் எல்லாத்துலயும் அப்படித்தான்."

"அப்போ நான் கொண்டு வர்ற சாவி?"

"அதை வச்சு முதல்ல நீ பூட்டுவ. அப்புறம் திறப்ப. சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்குப் பிராணன் போயிடும்."

"எதுக்கு இந்த நாடகம்?"

"கூட வந்தா நிமிஷத்துக்கு ஒருதரம் வாட்ச்சைப் பார்ப்ப. பாக்கெட்டுல சில்லறையைக் குலுக்குவ. எனக்கு ஒரு மணி நேரம் நிம்மதி வேணாமா?" என்றவள் என் தலையைப் பார்த்தாள். "அடடே, நனைஞ்சிட்டியே. பீர்?"

"பாதிதான் குடிச்சேன்."

"எனக்காகவா?"

கைக்குட்டையால் தலையைத் துவட்டினேன். அவள் காலை மடக்கி இடம் விட்டாள். நானும் சாய்ந்து, அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், வரிசை வரிசையாகச் சிறகு விரித்து நின்றார்கள். இத்தனை தேவாலயங்களில் நான் கூரையைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இன்று மியூரியல் இல்லை. எந்தத் தேவாலயத்துக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். அது அவள் கொடுத்துவிட்டுப் போன பழக்கம். நன்றியோடுதான் பார்க்கிறேன்.

அன்று எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, தெரியாது. என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. சில்லறை குலுங்கியது.

"நார்மன்," என்றாள் அவள், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "பூட்டியிருக்கு. போய்ச் சாவி வாங்கிட்டு வா."

கையில் சாவியோடு, சாவி வாங்கப் போனேன்.