பங்கஜத்தை எடுத்த வியாழக்கிழமை

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தருமன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் விவரம்: டி.வி. பெட்டிக்கு நேர் எதிரே, கண்ணாடியில் மூச்சு படுகிற தூரத்தில், தருமன் தறியில் துணைக்கு உட்காரும் காத்தாயி. அவள் முதுகுக்குப் பின்னால், மடியில் ஜெபமாலையோடு எதிர்வீட்டு சகாயம்மாள். சுவரோரம் தெருப் பெண்கள், தறியில் பாவு நூல் நீட்டின மாதிரி ஒரே வரிசை. அடுக்களை வாசற்படியில், ஒரு கண் பால் சட்டியிலும் ஒரு கண் நாடகத்திலுமாக, வீட்டுக்காரி ஆதிலட்சுமி. வீட்டுக்காரனான தருமனுக்குத் தன் கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்து அறையில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு, கதவிடுக்கு வழியாகப் பாதித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை பேர் முன்னிலையில்தான் பங்கஜம் செத்துப்போனாள்.

வாரா வாரம் மாமியாரிடம் இடிபட்டு, எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுத் தான் தண்ணீர் குடித்துப் படுக்கிற மருமகள் அவள். கூடத்தில் விழுந்தாள், கண்ணை மூடினாள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். அதோடு நாடகம் நின்று, 'அடுத்த செவ்வாய்' என்று எழுத்து வந்தது.

பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை தெருவில் ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை. தருமன் குழியில் இறங்கிக் காத்துக்கொண்டிருந்தான். காத்தாயி வந்தாள், தறிப் பக்கம் வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னா காத்தாயி, ஒக்காந்துகினு கீற? முந்தானை பாக்கி கீது. சனிக்கிழம வேலூர்க்காரங்க வந்து நிப்பாங்க. ஜல்தி வா."

"தெருவுல பொணத்த வெச்சிகினு தறில எப்டிண்ணா கை வெக்கறது?"

"எந்தப் பொணம்?"

காத்தாயி மோவாயால் கூடத்தைக் காட்டினாள். டி.வி. பெட்டியின் கதவுகள் சாத்தியிருந்தன. மேலே அவனுடைய சலவை வேட்டி போர்த்தியிருந்தது. முன்னால் காமாட்சி விளக்கு எரிந்தது.

"அது நாடகம்மா."

"நாடகமோ நெசமோ, செத்தத கண்ணால பாத்தமா இல்லியா? எடுத்தத காட்டினாங்களா?"

எடுத்ததைக் காட்டவில்லைதான்.

பிணம் எடுக்கிறவரை தெருவில் தறி தட்டக்கூடாது என்பது அங்கே எல்லாரும் கட்டுப்பட்ட வழக்கம். மற்ற நாளில் தருமனே அதை எடுத்துச் சொல்லுகிற ஆள். ஆனால் தறியில் இருப்பது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாக் கட்டை தனி. நெய்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாடாவை இன்னொரு கை வாங்கிப் போட்டாக வேண்டும். தனியாக நெய்தால் கரை ஒரு பக்கம் இழுக்கும், புடவை ஒரு பக்கம் இழுக்கும். சனிக்கிழமை தவறினால் வேலூர்க் கடைக்காரர் வேறு தறியைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் அவன் தறியில் நூலேறுவது கடவுள் விட்ட வழி.

ஒரு காலத்தில் அந்த இன்னொரு கை அவன் தம்பி சின்னதுரையுடையது. "கரையப் பாத்தாலே சின்னதுரை கைன்னு தெரியுது" என்று யாரோ சந்தையில் புகழ்ந்து வைத்தார்கள். "அப்ப நடுவுல இருக்கறது யாரு கை?" என்று தருமன் கேட்டதில் ஆரம்பித்த சண்டை வாசற்படியில் வந்து முடிந்தது. "இனிமே இந்தப் படிய நான் மிதிச்சா அது சாவுக்குத்தான்" என்றான் தம்பி. "சாவு வுழுந்தா சொல்லியனுப்பறேன், வா" என்றான் அண்ணன். சின்னதுரை மாமனார் நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தேவிகாபுரத்துக்குப் போய்விட்டான். ஆறேழு வருஷமாயிற்று. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, சாவு மட்டும் வரவில்லை.

தருமன் எட்டாவது வரை படித்தவன். எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவன். முடிவெட்டும் கடைக்குப் போய் ஒரு வாரப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வந்தான். அதில் பங்கஜமாக நடித்த அம்மாள் ஊறுகாய் பாட்டிலைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க. உயிரோட, சிரிச்சிகினு கீறா."

பெண்கள் படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். சகாயம்மாள் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஏண்டி, கையில இன்னா அது?"

"மாங்கா ஊறுகாய்க்கா."

சகாயம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவி மவ, மாசமா இருந்திருக்காடி."

அதுவரை விசும்பிக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்கள். ஒரு சாவு, ரெண்டு உயிர் ஆகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். தட்டு வரவில்லை.

"ஆதிலட்சுமி, சோறு?"

"சாவு வூட்ல அடுப்பு எப்டிங்க எரியும்?"

"சாவு வூடா? நம்ம வூடா?"

"பொட்டி நம்ம கூடத்துலதான கீது. அப்ப அவ யாரு வூட்ல கெடக்கறா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகாயம்மாள் ஒரு குண்டான் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "துக்கத்துல வயித்த காயப் போடாத, தருமா" என்றாள். தன் வீட்டுத் துக்கத்துக்குத் தருமன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

தெம்பு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, தறிக் கட்டையில் பழந்துணியைச் சுற்றி, சத்தம் வராமல் தனியாக ஒரு விரற்கடை நெய்துவிடலாம் என்று உட்கார்ந்தான். ஓரத்தில் நாலு இழை அறுந்தது. அறுந்த சத்தம் கேட்டதோ என்னவோ, ஜன்னலில் காத்தாயி முகம் தெரிந்தது.

"நடு வூட்ல மாசமா செத்தவள வெச்சிகினு நூல் போடற. உன்ன இன்னான்னு சொல்றது?"

"இன்னா பண்ணணும்ன்ற? சொல்லு. பேஜாரா போச்சு."

"எடுத்துடு. எடுத்துட்டா நானே வந்து ஒக்கார்றேன்."

"எடுத்துட்டா?"

"எடுத்த அன்னிக்கே."

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் மேளம் இறங்கியது. மேளக்காரப் பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொணம் எங்க சாமி?"

"புக்குல கீது. நீ அடி."

பெட்டியையே தூக்கிப் போக வேண்டும் என்றது ஒரு கட்சி. ஏரியல் ஒயர் அறுந்தால் அடுத்த செவ்வாய் கிடையாது என்று ஆதிலட்சுமி சொன்னதும் அந்தக் கட்சி கலைந்தது. ஊறுகாய்ப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, மாலை போட்டு, சின்னதாக ஒரு பாடை கட்டினார்கள். படையலில் ஊறுகாய் வைத்தார்கள்.

மேளம் ஆரணி முழுவதும் கேட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தருமன் கையைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து வேலூர்க் கடைக் கணக்குப்பிள்ளையும், வேறு வேலையாக வந்தவர், உள்ளே நுழைந்தார்.

"கேள்விப்பட்டு ஆடிப்போய்ட்டேன் தருமா. அந்தப் பொடவைய நீயே வெச்சிக்கோ. தீட்டு வூட்ல நெய்ஞ்சத மொகூர்த்தத்துக்குக் கட்ட முடியுமா?"

"ஐயா, சாவே இல்லீங்க..."

கணக்குப்பிள்ளை மேளத்தைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார். துக்கத்தில் பேசுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தருமனுக்கு அப்போது உண்மையாகவே அழுகை வந்தது. அது வெளியே வருவதற்குள் தெருமுனையிலிருந்து இன்னொரு அழுகை வந்தது.

"அண்ணீ... என்ன பெத்தவ மாதிரி சோறு போட்ட அண்ணீ..."

ஒரு கையில் மாலை, ஒரு கையில் மஞ்சள் பையோடு சின்னதுரை ஓடி வந்தான். வாசற்படியில் ஒரு நொடி நின்றான். பிறகு நன்றாக அழுத்தி மிதித்து ஏறினான்.

ஆதிலட்சுமி பூவும் பொட்டுமாக எதிரே வந்தாள்.

"யாருக்குடா அழுவற? நான் குத்துக்கல்லாட்டம் கீறேன்."

"அப்ப செத்தது?"

"பங்கஜம்."

"ஐயோ, பங்கஜமா!" என்று சின்னதுரை இடைவெளி விடாமல் அழுகையைத் தொடர்ந்தான். அழுதுகொண்டே வந்து அண்ணன் தோளைக் கட்டிக்கொண்டான். தம்பிக்குத் தலை நரைத்திருந்தது.

கண்ணைத் துடைத்த கையோடு தம்பி கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினான்.

"ஐயா, நான் கூடப்பொறந்த பங்காளி. இந்த வூட்ல சாவுன்னா மொதல் தீட்டு எனக்கு. எனக்கில்லாத தீட்டு பொடவைக்கு எங்கேர்ந்து வரும்?"

கணக்குப்பிள்ளை ஆதிலட்சுமியை மேலும் கீழும் பார்த்தார். சட்டம் சரியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. "சனிக்கிழம வரேன்" என்று செருப்பைத் தேடினார்.

கமண்டல நதி மணலில் பங்கஜத்தை அடக்கம் செய்தார்கள். ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும் தோள் கொடுத்தார்கள். குளித்துவிட்டு வந்ததும் காத்தாயி சொன்னபடி தறிக்கு வந்தாள். அவள் இடத்தில் சின்னதுரை உட்கார்ந்திருந்தான். மஞ்சள் பையிலிருந்து தன் பழைய நாடாவை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான். அறுந்த நாலு இழையையும் பார்த்தான். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இணைத்தான்.

"போடட்டுமாண்ணே?"

"போடு."

தெரு முழுவதும் தறிச் சத்தம் எழுந்தது. சனிக்கிழமை புடவையை விரித்துப் பார்த்த கணக்குப்பிள்ளை, கரையைத் தடவி, "இது யாரு கை?" என்றார்.

"தம்பி கை" என்றான் தருமன். "நடுவுல இருக்கறது எங்கண்ணன் கை" என்றான் தம்பி, அதே மூச்சில்.

அடுத்த செவ்வாய் அதே கூடம், அதே வரிசை. தறிக்குழியில் மட்டும் இரண்டு ஜோடிக் கால்கள். நாடகம் ஆரம்பித்தபோது சுவரில் பங்கஜத்தின் படம், மாலையோடு. கதையில் ஒரு வருஷம் ஓடிவிட்டிருந்தது.

"எடுத்தத காட்டவே இல்ல பாரு" என்றாள் காத்தாயி. "நல்ல வேளை, நாமளாவது எடுத்தோம்."

புதன்கிழமை தருமன் பேனாவைத் திறந்தான். நாடகம் எழுதியவருக்கு, டி.வி. நிலையம், சென்னை. 'ஐயா, நலம், நலமறிய அவா. தாங்கள் பங்கஜத்தைச் சாகடித்ததற்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. தாங்கள் அவளை எடுக்காமல் விட்டதற்கு அதைவிடவும். எங்கள் வீட்டில் அடித்த மேளத்தைக் கேட்டு, என் மனைவி இறந்துவிட்டதாக என் தம்பியிடம் தவறாகச் சொன்ன பஸ் கண்டக்டருக்கும் இதன் மூலம் நன்றி கூறிக்கொள்கிறேன். அந்த ஒரு தவறால் எனக்குத் தம்பி கிடைத்தான். பங்கஜத்துக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் குறைவின்றிச் செய்துவிட்டோம், கவலை வேண்டாம்.' மடித்து, உறையிலிட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மேலே ஒரு தரம் விரலால் தேய்த்தான்.

பஸ் ஸ்டாண்டில் தேவிகாபுரம் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. கண்டக்டர் சவரிராஜ் படியில் நின்றான்.

"தம்பி, போற வழியில இத பொட்டியில போட்டுடு. நீ தப்பா சொன்னதுக்கும் சேத்து இதுல நன்றி எழுதியிருக்கேன்."

சவரிராஜ் கடிதத்தைத் தோல்பைக்குள் செருகினான், விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. படியிலிருந்தபடியே எட்டிக் குரல் கொடுத்தான்.

"தப்பாவா? செத்தது டி.வி. பொம்பள, அண்ணி நல்லா கீறாங்கன்னு தேவிகாபுரத்துலயே சொல்லிட்டேனேண்ணா. அதக் கேட்டப்பறம்தான் உன் தம்பி, 'எதுவா இருந்தா இன்னா, சாவு சாவுதான, வண்டிய நிறுத்து'ன்னு வூட்டுக்கு ஓடி அந்த மஞ்சப்பைய எடுத்துகினு வந்தாரு."