ட்ரோனுக்கு வடக்கு தெரியவில்லை

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் ட்ரோன் பறக்கும். பறக்கலைன்னா உன் தம்பிக்கே தூக்கிக் கொடுத்துடறேன்!"

மனைவி முன்னால் போட்ட சபதம் இது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குக் கத்துகிறது. நான் எதற்குக் கத்தினேனோ!

மொட்டை மாடியில் மனைவி விரித்து வைத்திருந்த பாயின் நடுவில் கேமரா ட்ரோனை வைத்து, பட்டனை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்து: 'காம்பஸில் இடையூறு'. இறக்கை அசையவே இல்லை.

"என்னங்க, கோவிச்சுக்கிச்சா?"

"பக்கத்துல இரும்பு இருக்கும்மா. வடக்கு எதுன்னு தெரியாம குழம்புது."

"அப்போ அந்த உடைஞ்ச கட்டில்?"

"அட! அதேதான்!"

கட்டிலைத் தனி ஆளாகக் கீழே இறக்கினேன். பாயோடு ட்ரோனை அந்த மூலைக்கு இழுத்தேன். மறுபடி சிவப்பு.

"துருப்பிடிச்ச சைக்கிள் இருக்கே?"

"எப்படிம்மா உனக்கு இப்படி மூளை வேலை செய்யுது!"

சைக்கிள் இறங்கியது. பெயின்ட் டப்பாக்கள் இறங்கின. பழைய கிரில் கதவு என் கால் விரல் மேலேயே இறங்கியது. வாசலில் பழைய இரும்பு வாங்குபவர் வண்டியோடு தயாராக நின்றார். ஆஹா, என்ன அதிர்ஷ்டம் என்று பூரித்துப்போனேன்.

மாடி துடைத்துவிட்ட மாதிரி காலி. திரை மட்டும் அதே சிவப்பு! மச்சினன் வந்தே விட்டான்.

"மாமா, பெட்டியோட தருவீங்களா, தனியாவா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி பாயைப் புரட்டினாள். அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தது, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தப் பொம்மை!

"அடிப்பாவி! போன இடமெல்லாம் இதையும்ல இழுத்துட்டுப் போயிருக்கேன்!"

"மாடியைக் காலி பண்ணுங்கன்னு எத்தனை நாளா கத்தினேன்? காதுல விழுந்துச்சா? காம்பஸ் சொன்னதும் விழுந்துச்சே!"

பொம்மையைப் பிய்த்து வீசி, பட்டனை அழுத்தினேன். விர்ர்ர்! பறந்தது ஐயா, பறந்தது! கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. சின்னப்பிள்ளை போலக் குதித்தேன். மச்சினன் முகம் தொங்கிப்போனது. தென்னந்தோப்பு, குளம், பக்கத்துத் தெரு எல்லாம் திரையில் ஓடின. அதற்குள் பேட்டரி தீரப்போகிறது என்று எச்சரிக்கை. பத்திரமாக இறக்கினேன்.

"சீக்கிரம், சார்ஜர் எங்கேம்மா?"

"பரண்லதாங்க. பழைய சாமானுக்கெல்லாம் பின்னாடி."