கண்ணீர் அண்ணன் வரைந்த பேய்

கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் செத்துப்போன அத்தனை பேரையும் அழகாக்கி மேலே அனுப்பிவைத்த புண்ணியம் ஒரே மனிதரைத்தான் சேரும். நான் கவுண்டரில் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையின் டிசைனர் அவர். கல்யாணம், காதுகுத்து பேனர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கண்ணீர் அஞ்சலி மட்டும்தான். அதனால் அவர் பெயரே கண்ணீர் என்றாகிவிட்டது. “கண்ணீர் டீ குடிக்கப் போயிருக்கு, உக்காருங்க” என்று துக்க வீட்டாரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆதார் கார்டு போட்டோவிலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, லேசாகச் சிரிக்கவும் வைத்துவிடுவார். ஒரு மகன் சண்டைக்கே வந்துவிட்டார்.

“எங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் ஒருநா சிரிச்சதில்லங்க. இது யாரு?”

“இப்ப மூட்டுவலி இல்ல, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற கவலை இல்ல. சிரிக்காம என்னங்க செய்வாரு?” என்றார் கண்ணீர்.

மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு பிரதி கேட்டார்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. சாம்பாரில் முருங்கைக்காய் ஒரு துண்டு குறைந்தாலும் விசாரணை வைப்பவன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் உள் அறையில் கண்ணீர் இரண்டு குரலில் பேசுவது காதில் விழுந்தால் சும்மா இருப்பேனா?

“சாப்ட்டியா?”

“செத்தவனுக்கு என்னடா சாப்பாடு?”

“அப்ப பக்கத்துலயாவது ஒக்காரு.”

கதவைத் திறந்தால் அவர் மட்டும் இருப்பார். ஒரு நோட்டைச் சட்டென்று மூடுவார். மாந்திரீகம்தான் என்று முடிவுகட்டினேன். செத்தவர்கள் போட்டோ அத்தனையும் கைவசம் வைத்திருக்கும் ஆளாயிற்றே! ஆதாரத்தோடு முதலாளியிடம் சொல்லி வேலையைவிட்டுத் தூக்கிவிடுவது என்று, அவர் கைகழுவப் போன நேரம் நோட்டைப் பிரித்தேன்.

அவர் கையால் வரைந்த படக்கதை. தொண்ணூறு பக்கத்துக்கு மேல். அஞ்சலி பேனரிலிருந்து ஒரு பேய் இறங்கிவந்து ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பக்கத்தில் உட்காருகிறது. முந்திரிக்காட்டு வழியே பேய் மொபெட் ஓட்ட, இவன் பின்னால் குடைபிடித்துப் போகிறான். பேய்க்கு நிழல் விழாததை ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். நாற்பதாம் பக்கத்தில் பேய் இவன் நெற்றியில் முத்தமிடுகிறது. இரண்டு பேரும் ஆண்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம்தான் பேயின் முகம் பிடிபட்டது. இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் போன லோடு வண்டி டிரைவர். தினமும் வந்து கண்ணீரோடு டீ குடிப்பார். அவருக்கும் எங்கள் கடை பேனர்தான்.

எதற்குத் திரும்பி வந்தாய் என்று கதையில் இவன் கேட்கிறான்.

“எம் பேனர்ல எல்லாரு பேரும் இருக்கு. ஒம் பேரக் காணோமேடா. அதக் கேக்கத்தான் வந்தேன்” என்கிறது பேய்.

அடுத்த கட்டத்தில், நீண்ட மூக்கோடு ஒரு ராட்சசன் அந்தப் பெயரை அழித்துக்கொண்டிருந்தான். கோடுபோட்ட சட்டை என்னுடையது.

ஞாபகம் வந்தது. பேனரின் அடியில் தாய், தம்பிகள், நண்பர்கள் என்று பெயர்ப்பட்டியல் இருக்கும். வீட்டார் எழுதித்தந்த தாளோடு அதைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைக்குப் பட்டியலின் கடைசியில் தாளில் இல்லாத ஒரு பெயர் இருந்தது. கண்ணீரின் சொந்தப் பெயர். ஏதோ கைதவறி அடித்துவிட்டார் என்று நான்தான் அழித்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பினால் கதவருகே கண்ணீர் நிற்கிறார்.

“மொதலாளிக்கிட்ட சொல்லிருவியா தம்பி?”

வேலை மட்டுமல்ல, ஊரில் இருப்பே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரில் டிரைவரின் பழைய பேனர் பைலைத் தேடித் திறந்தேன்.

“பேருக்கு முன்னாடி ஒறவு என்னன்னு போடட்டும்ணே?”

திரையில் அந்த முகத்தின்மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“பேரு மட்டும் போதும் தம்பி.”

தாயின் பெயருக்கு அடுத்த வரியில் அடித்தேன். ஒரே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் ஊரை எனக்குத் தெரியும். ஆனால் அதை அடிக்கும்போது எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணீர் அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.