கேப்டனின் பூட்ஸுக்கு நான் போட்ட பாலிஷ்

ஒரு மனிதனை வாயை மூடச் சொல்கிறவர்கள், அவன் கையையும் சேர்த்துக் கட்டச் சொல்ல வேண்டும். என் வீட்டில் வாயை மட்டும் மூடச் சொன்னார்கள். அதனால் வந்த வினைதான் இது.

முதலில் என்னைப் பற்றி. (வேற யாரு சொல்லப்போறாங்க, நானேதான் சொல்லிக்கணும்.) மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்பார்களே, நான் அப்படி இல்லை. ஆறாம் வகுப்பு வரை ஒதுங்கினேன். அப்புறம் மழை விட்டுவிட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தவன், இன்று வீட்டை ஒட்டியே சொந்த யூனிட் வைத்து, ஷூவுக்கு மேல்பாகம் தைத்துப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். தோலைத் தடவிப் பார்த்தே அந்த மாடு முள்வேலியில் உரசியதா, சக மாட்டிடம் முட்டு வாங்கியதா என்று சொல்லிவிடுவேன். (மாட்டோட பேரு மட்டும்தான் சொல்ல வராது.) தழும்பு உள்ள சரக்கு என் யூனிட்டை விட்டு வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

இனி 'தொலைவானம்'. அது ஒரு டிவி தொடர். ஆகாயத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கேப்டன் போனால் அடுத்த கேப்டன் வருவார். கப்பல் மட்டும் வீடு திரும்பாது. என் மகள் கவிதா பாவாடை கட்டிய வயதில் தமிழில் பேசவைத்து ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள். அவள் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்கே போய்விட்டாள், தொடர் மட்டும் முடிந்தபாடில்லை. அவள் பார்க்க, நான் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து பார்க்க, எனக்கும் அது பழகிவிட்டது.

பழகினால் அபிப்பிராயம் வரும். எனக்கு வந்த அபிப்பிராயம் உலகத்தில் வேறு யாருக்கும் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தொடரின் ரசிகர்களுக்கு முதல் கேப்டன்தான் தெய்வம். எனக்கு அவர் ஒரு தண்டம். வாரா வாரம் கப்பலுக்கு ஒரு ஆபத்து வருகிறது என்றால் யார் பொறுப்பு? என் யூனிட்டில் வாரா வாரம் மிஷின் நின்றால் சூப்பர்வைசரை மாலை போட்டா கும்பிடுவேன்? மூன்றாவதாக ஒரு அம்மா கேப்டனாக வந்தார். அவர் பாகம் முழுக்கக் கப்பல் பட்டறையில் நிற்கிறது. ஸ்டாக் எடுக்கிறார்கள், திருகு மாற்றுகிறார்கள், எண்ணெய் போடுகிறார்கள். ரசிகர்கள் அந்தப் பாகத்தைக் கரித்துக் கொட்டுகிறார்கள். நானோ அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தவன். வேலை நடப்பது அந்தப் பாகத்தில்தானே!

இதையெல்லாம் சாப்பிடும்போது சொன்னால் கவிதா தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அவள், "அப்பா, ஒருத்தர புடிச்சிருக்கு. தொலைவானம் ரசிகருங்க கூட்டத்துல பழக்கம்," என்றாள். பையன் பெயர் அருண். அரக்கோணம். அவன் அப்பா தணிகாசலம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல குடும்பம். எனக்குச் சம்மதம், என் மனைவி சரோஜாவுக்கும் சம்மதம். பையன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக முடிவானது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் கவிதா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அருணோட அப்பாதான் அந்த ஊர்ல தொலைவானம் ரசிகருங்களுக்கெல்லாம் பெரிய தல. மொத கேப்டன்னா உயிரு. இஷ்டம் இல்லன்னா முகத்துல காட்ட மாட்டாரு, எழுந்து போய்ட்டே இருப்பாரு. உங்க பட்டறை அம்மா பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. எனக்காகப்பா."

என் மகள் எதற்கும் கெஞ்சியவள் இல்லை. சைக்கிள் வேண்டும் என்றாலும் உத்தரவாகத்தான் கேட்பாள். அன்றுதான் முதல்முறையாகக் கெஞ்சினாள்.

"வாயே திறக்க மாட்டேன்டா," என்றேன்.

"அதெப்புடி? மூச்சு விடணுமே," என்றாள் சரோஜா.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தணிகாசலம் ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. பக்கத்தில் அவர் மனைவி வசந்தா, பின்னால் அருண். கேசரி, பஜ்ஜி எல்லாம் தட்டில் வைத்தோம். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. தணிகாசலம் கை கூப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. முடிவு சொல்லாம கை நனைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. காப்பி மட்டும் குடுங்க."

காபி வந்தது. கவிதா வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தாள். தணிகாசலம் காபியைக் குடித்து முடித்தார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் தொலைவானம் பாப்பீங்களாமே? எந்த கேப்டன் புடிக்கும்?"

கவிதா என்னைப் பார்த்தாள். சரோஜா என்னைப் பார்த்தாள். பஜ்ஜிகூட என்னைப் பார்த்தது போல இருந்தது.

"எல்லாரும் நல்லவங்கதாங்க," என்றேன். (தேர்தல் நேரத்துல ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட சொல்ற பதில்.)

"இருந்தாலும் மொத கேப்டன் மாதிரி வருமா?"

நாக்கு நுனியில் பட்டறை அம்மா வந்து நின்றார். இன்னும் ஒரு நிமிடம் அங்கே இருந்தால் கல்யாணம் நின்றுவிடும். "யூனிட்ல ஒரு அவசர சரக்கு ஓடுது, பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்து வெளியே வந்தேன்.

வாசலில்தான், தணிகாசலம் கழற்றிவிட்ட அந்த பூட்ஸைப் பார்த்தேன்.

கணுக்காலுக்கு மேல் வரும் கறுப்பு பூட்ஸ். அசல் தோல். ஆனால் இடது கால் முனையில், பெருவிரல் வரும் இடத்தில், பெரிதாகக் கருகிய தழும்பு. தோல் சுருங்கி, மேல்பூச்சு உரிந்து கிடந்தது. மகனுக்குப் பெண் பார்க்க இப்படியா வருவது? பாவம், பென்ஷன்காரர், இதுதான் நல்ல ஜோடி போலிருக்கிறது. ஆம்பூரில் என் வீட்டு வாசலில் இருந்து ஒரு மனிதர் இந்த பூட்ஸோடு ஊர் திரும்பினால் என் மரியாதை என்ன ஆவது? பூட்ஸைக் கையில் எடுத்தேன்.

யூனிட்டில் ஃபினிஷிங் பார்க்கிறவர் காதர் பாய். என்னோடு பசை தடவியவர், என் பழைய தோஸ்த். அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, அடுப்புல கால விட்டாரா?"

"கேள்வி கேக்காத பாய். தழும்பு இருந்த எடமே தெரியக்கூடாது."

"காயம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா உடு, நம்மகிட்ட வந்துடுச்சில்ல."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு நிரப்பி, கலர் அடித்து, சுடுகாற்று மிஷினில் நிமிடத்தில் உலர்த்தி, பாலிஷ் போட்டு மினுக்கினார். குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. வாசலில் முன்பு இருந்தபடியே கொண்டுவைத்தேன். வாயைத் திறக்காமலே ஒரு மனிதரின் மனதைப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு.

கிளம்பும் நேரம் வந்தது. "வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு சொல்றோம்," என்றார் தணிகாசலம். வாசலுக்கு வந்தவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார்.

"என் பூட்ஸ் எங்க?"

"இதாங்க," என்று கைகட்டி, நன்றிக்காகக் காத்து நின்றேன்.

அவர் குனிந்து இடது பூட்ஸை எடுத்தார். முனையைத் தடவினார். மறுபடி தடவினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இன்னா பண்ணீங்க?" கவிதாவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

அருண்தான் மெதுவாகச் சொன்னான். அது முதல் கேப்டனின் பூட்ஸ். அச்சு அசலாக அதேபோல் செய்து வெளிநாட்டு ரசிகர்கள் அனுப்பியது. முதல் கதையில் ஒரு குழந்தையை நோக்கி உருண்டு வந்த நெருப்புப் பந்தைக் கேப்டன் இடது காலால் மிதித்து அணைத்தாராம். அந்தத் தழும்பை அவர் கடைசிவரை மாற்றவே இல்லையாம். நல்ல காரியத்துக்கு மட்டும்தான் அப்பா இதைப் போடுவாராம்.

என் பையில் இருந்த பெருமை முழுக்கக் காலி.

"வசந்தா, கெளம்பு," என்றார் தணிகாசலம். முகத்தில் ஒன்றுமே இல்லை. கவிதா சொன்ன அதே முகம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; கண் நிறைந்துவிட்டது. ஒரு துளி பாலிஷில் என் பெண்ணின் வாழ்க்கையை அழித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

"மன்னிச்சுக்கோங்க. தெரியாம பண்ணிட்டேன். மொத பாகம் நான் பாத்ததில்ல, அப்போ எனக்கு ஓவர்டைம், பொண்ணு சொன்ன கததான் தெரியும். ஆனாலும் ஒண்ணு கேக்கறேன், ஆகாயத்துல கப்பலே உடற மனுஷனுக்கு ஒரு பூட்ஸ ரிப்பேர் பண்ணிக்கத் தெரியாதா? பட்டறை அம்மாவா இருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பாங்க!"

"போச்சு," என்றாள் சரோஜா.

தணிகாசலம் எழுந்தார். "பட்டறை அம்மாவா? அதெல்லாம் ஒரு பாகமா? அரக்கோணம் ஷெட்ல இஞ்சின் நிக்கறத தெனம் பாத்தவன் நானு. அத பாக்க எனக்கு டிவி எதுக்கு?"

"அந்த இஞ்சின் ஷெட்ல நின்னதாலதான் அடுத்த நாள் ஓடிச்சு! உங்க கேப்டன் இன்னா பண்றாரு? கப்பல அனுப்புன தலைமை நிலையம் நில்லுங்குது, அவரு போறாரு. திரும்புங்குது, அவரு போறாரு. சிக்னல்ல வேல செஞ்ச நீங்க, சிக்னலே மதிக்காத மனுஷன எப்புடிங்க கும்புடறீங்க?"

அவர் கையில் இருந்த பூட்ஸை ஒருமுறை பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. பிறகு குரல் மாறியது.

"வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து எல்லாத்தையும் நில்லு, நில்லுன்னு சொன்னவன் நானு. ஒருத்தராவது நிக்காம போறத பாக்க ஆச இருக்காதா?"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. (என் வாழ்க்கையில இது அபூர்வம்.) ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்கிற பரம்பரை நாங்கள் இல்லை. "அதுக்காக பூட்ஸ இப்புடியே உடறதா?" என்றேன்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூட்ஸை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"மொத பாகத்த முழுசா பாத்துட்டு வந்து பேசுங்க சம்பந்தி! பாக்காமலே பேசறது அநியாயம்!"

"எதுக்கு பாக்கணும்? அதான் நீங்க…" என்று ஆரம்பித்த நான் நிறுத்தினேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சிலையாகி இருந்தார்கள். அருண் கவிதாவைப் பார்த்தான். வசந்தா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

"இன்னா சொன்னீங்க இப்போ?" என்றார் வசந்தா.

"இன்னா சொன்னேன்? பாக்காம பேசக்கூடாதுன்னேன்."

"அதுக்கு நடுவுல கூப்ட்டீங்களே, அது."

அவர் யோசித்தார். காது சிவந்தது. "சம்பந்தின்னு வாய்ல வந்துடுச்சு," என்றார். பிறகு, "வந்தது வந்ததுதான். வீட்ல எல்லாரும் நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறாங்க. மல்லுக்கு நிக்க ஒரு ஆளு வேணாமா?"

சரோஜா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. இலை எங்கிருந்து வந்தது, எப்போது விரித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம் பிரித்த வாசனை வாசல்வரை வந்தது. தணிகாசலம் கை நனைத்தார். நனைத்த கையை ஆட்டி ஆட்டி, இரண்டாவது கேப்டனைப் பற்றி என்னோடு சண்டை போட்டார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய், சுவரில் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டேன். மூச்சு அன்று காலையிலேயே உள்ளே போனது, அப்போதுதான் வெளியே வந்தது.

கல்யாணத்துக்கு முன் காதர் பாய்தான் பாடுபட்டார். சம்பந்தி பக்கத்தில் நின்று செல்போனில் படம் காட்ட, காய்ச்சிய இரும்பால் பழைய தழும்பை மறுபடி வைத்தார். "இன்னும் கொஞ்சம் கோரமா," என்று சம்பந்தி சொல்ல, "வாழ்க்க பூரா இத மறைச்ச கை மொதலாளி, பேஜாரா இருக்குது," என்று பாய் என்னிடம் அழாத குறை.

முதல் பாகத்தையும் பார்த்து முடித்துவிட்டேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. (நெருப்புப் பந்து வர்ற எடத்துல மட்டும் கண்ணுல ஏதோ தூசி.)

இப்போதும் சம்பந்தி வந்தால் பூட்ஸை வாசலில் விடுவதில்லை. துணிப்பையில் போட்டு உள்ளே எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். மற்ற உறவுக்காரர்களும் அதையே பழகிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் ஆளுக்கொரு பை மடியில் இருக்கும். விவரம் தெரியாமல் யாராவது செருப்பை வாசலில் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், சரோஜா அடுப்படியில் இருந்தே குரல் கொடுப்பாள்:

"ஏங்க, வாய் பேசட்டும். கைய கட்டிக்கோங்க!"