ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து

"திருடன் பேரை மாத்துங்க சார். இந்தப் பேரோட நான் அச்சடிக்க மாட்டேன்" என்றார் ஜீவன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அச்சகம். எதிரே உட்கார்ந்திருந்த கமலநாதன், துப்பறியும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன்ட். தான் பிடித்த கேஸ்களை எழுதி ஏற்கெனவே இரண்டு புத்தகம் போட்டுவிட்டார். இது மூன்றாவது. கொலையும் கொள்ளையுமாகப் போகும் இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மட்டும் ஒரு ஜோடி சப்பாத்தைப் பற்றியது. அவருடைய சொந்தச் சப்பாத்து.

"எல்லாம் நடந்ததுதான் லா. ஒரு வரி பொய் இல்லை."

"அய்யாவுதான் எடுத்தாருன்னு நிரூபிச்சீங்களா? அந்த மனுஷன் இன்னும் சுங்கை பூலோவில உயிரோட இருக்காரு சார். வக்கீல் லெட்டர் வந்தா உங்களுக்கு மட்டுமா வரும்?"

நிரூபிக்கவில்லை. கமலநாதனை உறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான்.

1989இல் அவர் கிள்ளானில் போலீஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தார். இன்ஸ்பெக்டர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வந்தது. தேறினால் கடல் கடந்து சபாவில், தாவாவ் பட்டணத்தில் மூன்று வருட வேலை. முதல் நாள் சாயங்காலம் சீருடைச் சப்பாத்தை முகம் தெரியும்வரை பாலிஷ் போட்டு வாசலில் வைத்தார். காலையில் காணோம். போலீஸ்காரர்கள் மட்டுமே குடியிருக்கும் கட்டடத்தில், ஒரு துப்பறிவாளரின் சப்பாத்து.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அது இரண்டு அளவு சின்னது. நொண்டி நொண்டி உள்ளே வந்தவரைப் பார்த்து, காலில் என்ன கோளாறு என்று தேர்வுக்குழு கேட்டது. அதோடு சரி. ஓய்வு பெறும்வரை அவர் சார்ஜன்ட்தான்.

அன்று காலை கட்டடத்துக்குள் வந்த வெளியாள் ஒரே ஒருவர், துணி எடுக்க வந்த டோபி அய்யாவு. மறுநாள் கமலநாதன் அவரை வீட்டுக்கே வரவழைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார். "நான் திருடலே சார்" என்பதற்கு மேல் அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்வை மட்டும் சமையலறைப் பக்கமே போய்ப் போய் வந்தது. தப்பியோட வழி தேடுகிறார் என்று கமலநாதன் குறித்து வைத்துக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி புஷ்பவல்லி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜீவன் பேரை மாத்தச் சொல்றான்."

"மாத்துங்க. அய்யாவு பாவம்."

"நீ எப்பவும் அவனுக்கு வக்கீல்."

"போன சப்பாத்து போகட்டும்ங்க. இன்னும் எத்தனை நாளைக்கு?"

"வெறும் சப்பாத்தா? தாவாவ் போயிருந்தா நான் இன்ஸ்பெக்டர்."

"போயிருந்தா உஷாராணி உங்களை அங்கிள்னு கூப்பிட்டிருப்பா. அப்ப அவளுக்கு மூணு மாசம்."

மகள் பேரைக் கேட்டதும் அவர் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அய்யாவு என்று இருந்த இடத்தில் எல்லாம் தம்புசாமி என்று மாற்றினார். அத்தியாயத்தை வீட்டுக்கு வெளியே யாருக்கும் காட்டவில்லை.

மறுநாள் காப்பாரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சார், நான் தம்புசாமி. நான் சப்பாத்துத் திருடின கதை புத்தகமா வருதாமே? அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயம் சார். கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

கமலநாதன் தலையில் கையை வைத்துக்கொண்டார். அது நீங்கள் இல்லை, சும்மா வைத்த பெயர் என்று அரை மணி நேரம் விளக்கினார். புஷ்பவல்லி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சீனி போடலே அண்ணே. உங்களுக்குத்தான் இனிப்பு நீராச்சே."

முன்பின் வந்திராத மனிதருக்கு இனிப்பு நீர் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? துப்பறிவாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தன்னுடைய தேநீரிலும் சீனி இல்லை என்ற கவலையில் அதை விட்டுவிட்டார்.

அத்தியாயத்தில் தம்புசாமி என்ற பெயர் போய் லட்சுமணன் வந்தது. அடுத்த நாளே செந்தூலிலிருந்து போன்.

"நான் ரயில்வே லட்சுமணன் பேசறேன். என் காலு பன்னெண்டு சைஸு சார். உங்க சப்பாத்தைத் திருடி நான் என்ன செய்யறது, பூ நடறதா?"

"ஐயா, அது நீங்க இல்லைங்க."

"நான் இல்லைன்னு எனக்குத் தெரியும். என் சம்பந்திக்குத் தெரியணுமே."

பெயரே வேண்டாம் என்று முடிவு செய்த கமலநாதன், 'ஒரு மீசைக்காரர்' என்று எழுதினார். அன்று மாலையே ஓய்வு பெற்ற போலீஸ்காரர் சங்கத்தின் தலைவர் கூப்பிட்டுவிட்டார்.

"கமலா, நம்ம சங்கத்துல மீசை இல்லாதவன் யாரு, சொல்லு. எண்பது பேர் கொதிச்சுப் போயிருக்கான். ரெண்டு பேரு பயந்துகிட்டு சிரைச்சே போட்டானுங்க லா."

அதற்குள் ஜீவனும் கூப்பிட்டார். "சார், நாளைக்கு மெஷின்ல ஏத்தணும். வெளியீட்டுக்கு மண்டபம் சொல்லியாச்சு. திருடன் இருக்கானா இல்லையா?"

கமலநாதன் கணினிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சும்மா வைத்த ஒரு பெயருக்கு, ஒரு மீசைக்கு, இத்தனை பேர் துடிக்கிறார்கள். அய்யாவுவை முப்பத்தாறு வருஷமாகத் திருடன் என்று மனத்தில் வைத்திருக்கிறோம், ஒரு துண்டுச் சாட்சி இல்லாமல். குவாட்டர்ஸில் அதன் பிறகு அந்த ஆளுக்கு யாராவது துணி போட்டார்களா என்றுகூட நாம் கேட்டதில்லை. அவரும் ஒரு நாள் வந்து ஏன் என்று கேட்டதில்லை. இத்தனை பேரைப் பிடித்தவனுக்கு ஒருவரை விடுவிக்கத் தெரியாமல் போயிற்றே.

திருடன் பெயர் இருந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டார். கீழே எழுதினார்: 'இந்த வழக்கில் எனக்கு யார்மீதும் புகார் இல்லை. வழக்கு இத்துடன் மூடப்படுகிறது.'

புஷ்பவல்லிக்குப் படித்துக் காட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். இரண்டு புத்தகத்துக்கும் கிடைக்காத பாராட்டு.

அச்சாகி வந்த முதல் பிரதியை, 'மன்னித்துவிடுங்கள். வெளியீட்டுக்கு அவசியம் வரவும்' என்று கையெழுத்துப் போட்டு அய்யாவுக்கு அனுப்பினார். புஷ்பவல்லியிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நல்ல கூட்டம். காப்பார் தம்புசாமி முன்வரிசையில் இருந்தார். மீசை இழந்த இருவர் பின்வரிசையில். கமலநாதன் மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் புஷ்பவல்லி வடையும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர், ஒரு கையில் புத்தகமும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாக மெல்ல நடந்து வந்தார். கமலநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யாவு அண்ணே, தப்பா நெனச்சுட்டேன். முப்பத்தாறு வருஷம்."

அய்யாவு அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு அவரைத் தாண்டி வடை மேசைக்குப் போனார். புஷ்பவல்லி கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கரண்டியைக்கூட ஆட்டிப் பார்த்தாள். பெரியவர் பையை மேசைமேல் வைத்தார். அவருக்குக் காது மந்தம். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அம்மா, கேஸை மூடிட்டேன்னு சாரே எழுதிட்டாரு, இனிமே பயமில்லை. அன்னைக்கு நீங்க துணி மூட்டைக்குள்ள வச்சுக் குடுத்தீங்களே, அந்தச் சப்பாத்து இதுல இருக்கு. வருஷா வருஷம் பாலிஷ் போட்டுத்தான் வச்சிருந்தேன்."